சுங்கை சிப்புட்டுல ஆறு மாசம்: வீடியோ எடுக்கத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு காசு கேக்கத் தெரியல

முதல் நாள் காலையில நான் ஒரு மணி நேரம் "வீடியோ எடிட்டிங்னா என்ன"ன்னு ஸ்லைடு போட்டு பேசினேன். தேத்தண்ணி பிரேக் விடுறதுக்குள்ள பின் வரிசைல உக்காந்திருந்த ஒரு பையன் நான் பேசினதையே போன்ல எடுத்து, வெட்டி ஒட்டி, பின்னாடி உருமி மேளம் போட்டு, நான் தொண்டைய செருமுற இடத்த மட்டும் நாலு தடவ திருப்பித் திருப்பி வர்ற மாதிரி பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள ஒன்னு உறைச்சுச்சு, இவனுக்கு அடுத்த ஆறு மாசம் நான் எத சொல்லிக் குடுக்கப் போறேன்?

நான் மலேசியாவுல ஈப்போக்காரன், கல்யாண வீடியோ எடுக்குறவன். 2025 ஏப்ரல்ல ஒரு அமைப்பு கூப்பிட்டு, சுங்கை சிப்புட்ல பிள்ளைங்களுக்கு டிஜிட்டல் மீடியா சொல்லிக் குடுக்கணும், சோசியல் மீடியா, வீடியோ, போஸ்டர், ஆன்லைன் வியாபாரம் எல்லாம் சேத்துன்னு சொன்னாங்க. சரின்னு போனேன். அங்க நடந்தத அப்படியே எழுதி வைக்கிறேன், வேற ஊர்ல இதே மாதிரி கிளாஸ் ஆரம்பிக்கிறவங்க நாங்க விழுந்த குழியிலயே விழ வேணாம்.

ஊரப் பத்தி கொஞ்சம். ஈப்போல இருந்து வடக்க அரை மணி நேரம் போனா சுங்கை சிப்புட். 1948 ஜூன்ல மூணு வெள்ளக்கார தோட்டத் துரைங்கள இங்கதான் சுட்டாங்க, அதுக்கு அப்புறம்தான் நாடு முழுக்க அவசரகாலம் வந்துச்சு. மலேசியத் தமிழர் தலைவரா, அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரும் இதுதான். எல்பில், டோவன்பி, ஹீவூட்னு தோட்டத்துப் பேரெல்லாம் இன்னும் தமிழ்ப்பள்ளிப் பேர்ல இருக்கு, ஆனா நம்ம கிளாசுக்கு வந்த பிள்ளைங்கள்ல ஒருத்தர் கூட பால் மரம் வெட்டினது இல்ல. தாத்தா பாட்டி வெட்டினாங்க, அப்பா லோரி ஓட்டினாரு, அம்மா ஈப்போ பேக்டரிக்கு பஸ் ஏறினாங்க, ரப்பர் போயி செம்பனை வந்துச்சு, தோட்ட வேலைக்கு வெளிநாட்டு ஆளுங்க வந்தாங்க, இவங்க தோட்டத்து லயத்த விட்டு தாமான்னு சொல்ற டவுன் குடியிருப்பு வீட்டுக்கும் பிளாட்டுக்கும் வந்துட்டாங்க. தோட்டமும் இல்ல, டவுன்லயும் ஒரு பிடிப்பு இல்ல, அந்த நடுவுல மாட்டிக்கிட்ட தலமுறை.

பேர் குடுத்தது 16 பேர், 17 வயசுல இருந்து 24 வரைக்கும், அதுல ஆறு பொண்ணுங்க. பாதிப் பேருக்கு மேல எஸ்பிஎம், அதாவது பாரம் அஞ்சு கடைசிப் பள்ளிப் பரிட்சை, முடிச்சவங்க, மத்தவங்க பாரம் மூணு, நாலோட நின்னவங்க. வேலன்னா கார் கழுவுறது, பெட்ரோல் ஸ்டேஷன், சாப்பாட்டுக் கடை, இல்லன்னா பேக்டரி.

ஒரு விஷயத்த சொல்லாம போக முடியாது. ஹால் வாசல்ல பெரிய பேனர் தொங்குச்சு, "வசதி குறைந்த இளைஞர்களுக்கான"ன்னு ஆரம்பிக்கும். இருபது வயசுப் பொண்ணு ஒன்னு வந்து மெதுவா கேட்டுச்சு, "சார், இந்த பேனர் முன்னாடி நின்னுதான் போட்டோ எடுக்கணுமா?" அன்னிக்கு சாயங்காலமே கழட்டினேன். அமைப்புல இருந்து ஒருத்தர் போன் பண்ணி ரிப்போர்ட்டுக்கு போட்டோ வேணுமேன்னாரு, போட்டோவுக்கு பிள்ளைங்க வேணுமா பேனர் வேணுமான்னு கேட்டேன், அந்தப் பேச்சு அதோட நின்னுச்சு.

லேப்டாப் வச்சு ஒரு கூத்து

முதல் மூணு வாரம் சுத்தமா வீண். இதுக்கு நான்தான் பொறுப்பு, ஏன்னா பாடத்திட்டத்த எழுதினது நான். எட்டு லேப்டாப் இரவல் வாங்கி வச்சிருந்தோம், எல்லாம் 4 ஜிபி ரேம், எடிட்டிங் சாப்ட்வேர் திறக்குறதுக்குள்ள ஒரு ரொட்டி சானாய் சாப்டுட்டு வந்துடலாம். ரெண்டு பேருக்கு ஒரு லேப்டாப், அதுல ஒருத்தர் மௌஸ் பிடிப்பாரு, இன்னொருத்தர் கீழ போன வச்சுக்கிட்டு டிக்டாக் பாப்பாரு.

போஸ்டர் பாடத்துல இன்னொரு தலைவலி. ஒரு பொண்ணு "கொண்டாட்டம்"னு அழகா டைப் பண்ணுச்சு, ஸ்கிரீன்ல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு எழுத்து சிதறி நின்னுச்சு. அது டைப் பண்ணினது தப்புன்னு நினைச்சு திருப்பித் திருப்பி அழிச்சு அடிக்குது பாவம். பழைய போட்டோஷாப்ல செட்டிங்குக்குள்ள போயி தெற்காசிய மொழிங்களுக்கான எழுத்து முறைய மாத்தலன்னா தமிழ் இப்படித்தான் உடையும். நம்ம நாட்டுல கோயில் பேனர், கல்யாண பேனர், ஏன் கட்சிக்காரங்க பேனர்ல கூட தமிழ் உடைஞ்சு தொங்குறத பாத்திருப்பீங்க, அதுக்கு ஒரு காரணம் இந்த செட்டிங்தான். இத நான் சொல்லிக் குடுத்த அஞ்சு நிமிஷம்தான் அந்த மூணு வாரத்துலயே உருப்படியா போன நேரம், அது பின்னாடி எப்படி உதவுச்சுன்னு சொல்றேன்.

மூணாவது வாரம் முடிஞ்சப்போ 16 பேர் 9 ஆயிட்டாங்க. வராதவங்கள தேடிப் போயி மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில தே தாரேக் டீ வாங்கிக் குடுத்து கேட்டேன். கிளாஸ் வார நாள் காலை பத்து மணிக்கு, அந்த நேரத்துல வேல இல்லாதவந்தான் வர முடியும், வேல கிடைச்ச மறுநாள் நின்னுடுவான், இது எங்களுக்கு தோணவே இல்ல. ஒருத்தன் வீட்ல ஒரே மோட்டார் பைக், அண்ணன் எடுத்துட்டுப் போனா இவனுக்கு வர வழி இல்ல. இன்னொருத்தன் சொன்னதுதான் முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு: "சார், அந்த சாப்ட்வேர் என் வீட்ல இல்ல. இங்க கத்துக்கிட்டு வீட்ல போயி எதுல செய்யறது?"

அதுக்கு அப்புறம் லேப்டாப்ப மூட்ட கட்டிட்டோம். சனி ராத்திரியும் ஞாயிறு மத்தியானமும், ஒரு டியூஷன் சென்டர் மாடியில, முழுக்க போன்லயே. போனவங்கள்ல ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க.

போன்ல செய்யறதுல அவங்களுக்கு நான் சொல்ல பெருசா ஒன்னும் இல்ல. லென்ஸ சட்டையில தொடச்சுட்டு எடு, 4கே வேணாம் 1080 போதும் இல்லன்னா போன் நிறைஞ்சுடும், ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழட்டும் முதுகுல வேணாம். சத்தம் மட்டும்தான் உண்மையா கத்துக்கிட்டாங்க. பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, எடுத்த வீடியோ எல்லாத்துலயும் ஜெனரேட்டர் சத்தம்தான் கேக்கும், ஆள் பேசுறது கேக்காது. சட்டைல குத்துற சின்ன மைக் ஒன்னு மாட்டினதும் வித்தியாசம் அவங்களுக்கே தெரிஞ்சுது. அஞ்சு பேர் சேந்து ஆளுக்கு மாசம் பத்து வெள்ளியா (ரிங்கிட்) ரெண்டு மாசம் போட்டு மைக்கும் முக்காலியும் வாங்கினாங்க. இது பெரிய விஷயமான்னு கேப்பீங்க. 1960ல சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துல தோட்டத்து சனங்க இதே மாதிரி பத்து பத்து வெள்ளியா கட்டித்தான் தோட்டத்தையே வாங்கினாங்க, அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு கூட்டு சேர்றத நான் சொல்லித் தர வேண்டியது இல்லைனு தோணுச்சு.

யார் குரல்ல பேசுறது

முதல் நெசமான வேல முறுக்கு சுடுற ஒரு ஆன்ட்டிக்கு. ரெண்டு பையனுங்க போயி நல்லாத்தான் எடுத்தாங்க, எண்ணெய்ல முறுக்கு விழறது, பொன்னிறமா மேல வர்றது, எல்லாம் வாயில எச்சி ஊறுற மாதிரி. ஆனா வாய்ஸ் குடுத்தப்போ பையன் அப்படியே சென்னைக்காரனா மாறிட்டான், சினிமால கேட்ட பேச்சு. ஆன்ட்டி போன காதுல வச்சு கேட்டுட்டு, "யாருய்யா இது, நம்மூரு பிள்ள மாதிரியே இல்லையே"ன்னாங்க. அந்த ஒரு வார்த்த போதும். ரெண்டாவது தடவ ஒரு பொண்ணு பேசுச்சு, நம்ம வீட்ல பேசுற மாதிரியே, "ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா, இந்த முறுக்கு ஒரு போத்தல் தேத்தண்ணியோட வச்சா முடிஞ்சுடும் லா"ன்னு. அதத்தான் ஆன்ட்டி தன்னோட சொந்தக்காரங்க குரூப் எல்லாத்துக்கும் அனுப்பினாங்க.

எழுதுற தமிழ் வேற கதை. தமிழ்ப்பள்ளில ஆறாம் ஆண்டு வரைக்கும் படிச்ச தமிழ், அதுக்கப்புறம் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அங்கயே நின்னுடுது, பதினெட்டு வயசுல பன்னெண்டு வயசு எழுத்துதான் கைல இருக்கு. வெக்கப்பட்டு எல்லாத்தையும் இங்கிலீஷ் எழுத்துலயே தட்டுறாங்க. தமிழ் கீபோர்டு போட்டுக் குடுத்தப்போ, இத செஞ்சதே நம்ம நாட்டுக்காரர்தான், முத்து நெடுமாறன், 1985லயே முரசு அஞ்சல் எழுதினாரு, போன்ல செல்லினமும் அவரோடதுதான்னு சொன்னேன். "மலேசியாவா? பொய் சொல்லாதீங்க சார்"னு ஒருத்தன் உடனே கூகுள்ல தேடிட்டு, அப்புறம் பேசாம உக்காந்து டைப் பண்ணினான்.

இருவது வெள்ளி

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பிளவுஸ் தைக்கிற கடைக்கு ஒரு பையன் வீடியோ செஞ்சு குடுத்தான். எவ்ளோப்பான்னு அந்தக்கா கேட்டாங்க, இவன் தரைய பாத்துக்கிட்டே "இருவது வெள்ளி குடுங்கக்கா"ன்னான். அவங்க பத்து வெள்ளியும் ஒரு தட்டு மீ கோரேங்கும் குடுத்து அனுப்பினாங்க. சந்தோஷமாத்தான் வந்தான். நான்தான் வெள்ளைப் பலகைல கணக்கு போட வச்சேன்: எடுக்க 2 மணி நேரம், லைட்டு சரியில்லன்னு திரும்பப் போனது ஒன்னரை, எடிட்டிங் 4, "இந்த பாட்டு வேணாம், அந்த பாட்டு போடு"ன்னு மாத்தினது ஒன்னரை. மொத்தம் 9 மணி நேரம். இந்த நாட்டுல குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி, மணிக் கணக்குல 8 வெள்ளி 72 காசு. பெருக்கினா 78 வெள்ளி 48 காசு, இதுல பெட்ரோலும் டேட்டாவும் சேக்கல. கார் கழுவப் போயிருந்தாலும் சட்டப்படி அவ்ளோ வந்திருக்கணும். பையன் பலகைய பாத்துட்டே நின்னான். "அப்ப நான் அந்தக்காவுக்கு காசு குடுத்து வேல செஞ்சிருக்கேன்"ன்னான்.

சரி, இனிமே எம்பது வெள்ளின்னு கேளுன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா? வாயில வரல. நான் கடைக்காரனா உக்காந்து, ஒவ்வொருத்தரா வந்து எம்பது வெள்ளின்னு சொல்லுங்கன்னு சொன்னா, சொல்லும்போதே சிரிக்கிறாங்க, இல்லன்னா "எம்பது... உங்களுக்கு பாத்து குடுங்க அங்கிள்"ன்னு தானே குறைக்கிறாங்க. ரெண்டு கிளாஸ் இதுலயே போச்சு. ஏன்னு நானும் யோசிச்சேன். இந்த ஊர்ல வாடிக்கையாளர்னு ஒருத்தர் கிடையாது, எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி, அப்பாவோட கூட்டாளி, அம்மா கூட பேக்டரி பஸ்ல போனவங்க. "நம்ம பிள்ளதானே"ன்னு சொன்னா அதுக்கு மேல காசு பேசுறது மரியாத இல்லாத மாதிரி. அதுவுமில்லாம காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உழைச்சு, கணக்க தோட்டத்து ஆபீஸ் கிராணி (கணக்கர்) யாரோ எழுதி, குடுத்தத வாங்கிட்டு வந்த குடும்பங்க. என் உழைப்புக்கு நானே வெல சொல்றதுங்கறது அவங்க வீட்ல யாரும் செஞ்சு பாத்த பழக்கம் இல்ல. இத எந்த பாடத்திட்டத்துலயும் நான் பாக்கல, நானும் எழுதல.

கடைசில வழி கிடைச்சுது, ஆனா அது வாயால இல்ல. வில அட்டை. ஒரு சின்ன படமா செஞ்சு வாட்ஸ்அப்ல முன்கூட்டியே அனுப்பிடறது: முப்பது செகண்ட் வீடியோ எவ்ளோ, போஸ்டர் எவ்ளோ, ரெண்டு தடவ திருத்தம் இலவசம், மூணாவது தடவைக்கு 15 வெள்ளி, பாதி காசு முதல்ல, கீழ போன்லயே காசு கட்டுற டூயிட்நவ் கியூஆர். முகத்த பாத்து சொல்ல முடியாதத அட்டை சொல்லிடுது. பேரம் பேசினா, "அட்டைல போட்டிருக்கு ஆன்ட்டி, நான் மாத்த முடியாது"ன்னு அவன் செஞ்ச அட்டை மேலயே பழிய போட்டுடுவான். பதினெட்டு வயசு ஆனவங்கள எஸ்எஸ்எம்ல, அதாவது வியாபாரம் பதியுற அரசாங்க ஆணையத்துல, பதியச் சொன்னோம், சொந்தப் பேர்ல பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளிதான். மூணு பேர் பதிஞ்சாங்க. அந்த சர்டிபிகேட்ட ஒரு அம்மா சாமி படத்துக்கு பக்கத்துல பிரேம் போட்டு மாட்டிட்டாங்க.

ஆடி மாசத்து வீடியோ

நல்லா போயிட்டு இருந்தப்போ ஒன்னு நடந்துச்சு. ஆடி மாசம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா, நம்ம பிள்ளைங்க நாலு பேர் போனாங்க, நல்லாவே எடுத்தாங்க. அதுல ஒருத்தன், சாமி வந்து ஆடின ஒரு அம்மாவ பக்கத்துல போயி எடுத்து, பதினஞ்சு செகண்டா வெட்டி டிக்டாக்ல போட்டுட்டான். கேலி பண்ணணும்னு போடல, அவனுக்கு அது பவரா தெரிஞ்சுது, அவ்ளோதான். மறுநாள் காலையில கமெண்ட் எல்லாம் வேற மாதிரி. சிரிக்கிற எமோஜி, அந்தம்மா உடம்ப பத்தி அசிங்கமான பேச்சு, வேற யாரோ அத எடுத்து காமெடி பாட்டு போட்டு மறுபடி ஏத்திட்டான். அந்தம்மாவோட மகன் வேல முடிஞ்சு நேரா டியூஷன் சென்டருக்கு வந்துட்டாரு. அடிக்க வரல, அழுதாரு, அதுதான் மோசம்.

வீடியோவ அழிச்சோம், மறுபடி ஏத்தினவங்கள ரிப்போர்ட் பண்ணோம், சிலது போச்சு, சிலது இன்னும் எங்கயாவது இருக்கும். 1998ஆம் வருஷத்து தொடர்பு பல்லூடகச் சட்டத்துல 233ஆவது பிரிவு இருக்கு, ஆன்லைன்ல அசிங்கமா பேசி ஒருத்தர நோகடிச்சா பாயும்னு பிள்ளைங்களுக்கு சொன்னேன், ஆனா சட்டத்த விட அந்த மகன் அழுததுதான் வேல செஞ்சுது. பையன் நானும் வரேன்னு சொல்ல, அவனையும் கூட்டிட்டு அந்தம்மா வீட்டுக்குப் போனோம். அவங்க கோவமா எதுவும் சொல்லல. "அந்த நேரத்துல நான் நானா இல்ல தம்பி, என்னைக் கேக்காம என்னைக் காட்டிட்டே"ன்னாங்க. அதுக்கப்புறம் கிளாஸ்ல இருந்தவங்களா ஒரு முடிவு எடுத்தாங்க: சாமி ஆடுறவங்க, சாவு வீடு, சின்னப் பிள்ளைங்க, இந்த மூணும் கேக்காம கேமராவுக்குள்ள வரக் கூடாது. நெறிமுறைன்னு நான் ரெண்டு ஸ்லைடு வச்சிருந்தேன், அத அன்னிக்கே தூக்கிட்டேன்.

இன்னொன்னும் சொல்லணும். ஒரு பையனுக்கு டெலிகிராம்ல "டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, மாசம் எட்டாயிரம், கம்போடியா, டிக்கெட் எங்க செலவு"ன்னு மெசேஜ். நம்ம கிளாஸ் பேரும் அந்த வேலையோட பேரும் ஒன்னா இருந்ததால அவங்க அம்மாவே போகச் சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் போன எத்தனையோ மலேசியப் பிள்ளைங்க அடைபட்டு அடி வாங்கி மீட்டுட்டு வந்த சேதி பேப்பர்ல வந்தத காட்டி நிறுத்தினோம். இன்னொருத்தன பேங்க் கார்டு வாடகைக்கு கேட்டாங்க, மாசம் 500 வெள்ளி. கார்டு குடுத்தா ஏமாத்தின காசு உன் அக்கவுண்ட் வழியாத்தான் போகும், போலீஸ் தேடி வர்றது உன்னைத்தான், திருடன இல்ல. போலீசோட செமாக்மியூல் தளத்துல இது மோசடி அக்கவுண்டான்னு நம்பர தட்டிப் பாக்குறது, காசு போச்சுன்னா உடனே மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிக்கிறது, இத ஒரு முழு கிளாஸா எடுத்தோம். டிஜிட்டல் படிப்புன்னு சொல்லி இத விட்டுட்டா, மீன் பிடிக்கச் சொல்லிக் குடுத்துட்டு முதலை இருக்குன்னு சொல்லாம ஆத்துல இறக்கி விட்ட மாதிரி.

பொண்ணுங்க விஷயம். ஆறு பேர்ல மூணு பேர் முதல் மூணு வாரத்துலயே நின்னவங்க, திரும்பி வரல, ராத்திரி கிளாஸுக்கு மாத்தினது பையனுங்களுக்கு நல்லது, இவங்களுக்கு கஷ்டம், அத நான் யோசிக்கல. ஒரு பொண்ணுக்கு அண்ணன் காவலுக்கு வந்து வாசல்லயே மோட்டார்ல உக்காந்திருப்பான். நாலாவது வாரம் கொசுக்கடி தாங்காம உள்ள வந்தான், அப்புறம் லைட்டு பிடிச்சான், இப்ப தங்கச்சி எடுக்குற வேலைக்கு அவந்தான் லைட்மேனும் டிரைவரும், தங்கச்சி சம்பளம் குடுக்குது. முகம் காட்ட வீட்ல விடாத இன்னொரு பொண்ணு கையையும் குரலையும் மட்டும் வச்சே வீடியோ செய்யுது. முறுக்குக்கு பேசின பொண்ணு அதுதான். தீபாவளிக்கு முன்னாடி அந்த ஆன்ட்டிக்கு வந்த ஆர்டர்ல மூணு நாள் தூங்காம சுட்டு, கடைசில "இனிமே வீடியோ போடாதம்மா, கை வலிக்குது"ன்னு சொல்ல வேண்டியதா போச்சு. எத்தன டின் சுட முடியும்னு கேக்காம விளம்பரம் போட்டது எங்க தப்பு.

கணக்கு பாத்தா, கடைசி வரைக்கும் இருந்தது 11 பேர். நாலு பேருக்கு மாசா மாசம் காசு வருது, 300ல இருந்து நல்ல மாசத்துல 900 வரைக்கும், முழு சம்பளம் இல்ல, பகுதி நேரம்தான். "கொண்டாட்டம்" உடைஞ்சு நின்ன பொண்ணு ஈப்போல ஒரு பிரின்டிங் கடைல வேலைக்கு சேந்துடுச்சு, தமிழ் உடையாம போடத் தெரிஞ்ச ஆள் அந்தக் கடைல அது ஒன்னுதான். ஒருத்தன் சிங்கப்பூர் போயிட்டான், ரெண்டு பேர் பேக்டரி, அத தோல்வின்னு நான் எழுத மாட்டேன், ஓவர்டைம் சேத்தா இந்த வேலைய விட நல்ல காசு. நிதி குடுத்தவங்க அனுப்பின பாரத்துல எத்தன பேருக்கு சர்டிபிகேட் குடுத்தீங்க, எத்தன மணி நேரம் பாடம் எடுத்தீங்கன்னு கட்டம் இருந்துச்சு. எத்தன பேர் காசு கேக்கப் பழகினாங்கன்னு கட்டம் இல்ல, "இதர குறிப்புகள்"ல ரெண்டு வரி எழுதிட்டேன், யாரும் திருப்பிக் கேக்கல.

போன மாசம் இந்தப் பயிற்சிய பத்தி ஒரு சின்ன வீடியோ வேணும்னு அமைப்புல கேட்டாங்க. முதல் நாள் என் தொண்டையச் செருமுறத ரிப்பீட் போட்டானே, அந்தப் பையனுக்கே போன் பண்ணேன். நம்ம கிளாஸ் வீடியோதானேப்பா, பாத்து செய்யேன்னேன். பதில் பேசல, ரெண்டு நிமிஷத்துல வாட்ஸ்அப்ல வில அட்டை வந்துச்சு, 120 வெள்ளி, பாதி முதல்ல. நூறுக்கு முடிச்சுக்கலாமான்னு பழக்க தோஷத்துல தட்டிட்டேன். மறுபடியும் அதே அட்டை வந்துச்சு, இந்த தடவ கியூஆர் கொஞ்சம் பெருசா.

60 வெள்ளி போட்டு விட்டேன்.